11 வருஷம் காத்திருந்து வந்த பிள்ளைக்கு முதல் கிறிஸ்துமஸ்: எங்கள் வீட்டில் செய்ததும், வேண்டாமென்று விட்டதும்

எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துக்குப் பக்கத்தில். 2013 மே மாதம் கல்யாணம். 2024 மே மாதம் பாப்பா பிறந்தாள். இடையில் பிள்ளையில்லாமல் கடந்த கிறிஸ்துமஸ் 11. அந்த வருஷங்களில் ஐ.வி.எஃப். என்ற சோதனைக்குழாய்ச் சிகிச்சை மூன்று தடவை செய்தோம். 2019 நவம்பரில் ஒன்று தங்கி, ஒன்பதாவது வாரத்தில் போய்விட்டது. 2023 செப்டம்பரில் வைத்த கருதான் பாப்பா.

அந்த டிசம்பரில்தான் எங்கள் பக்கம் வெள்ளம் வந்தது. பக்கத்துக் காயல்பட்டினத்தில் 17, 18 தேதிகளில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. எனக்கு அப்போது பதினைந்தாவது வாரம். கரண்ட் இல்லை, போன் இல்லை, பக்கத்து வீட்டு மாடியில் நான்கு நாள் இருந்தோம். எங்கள் தெருவில் அந்த வருஷம் யார் வீட்டிலும் நட்சத்திரம் தொங்கவில்லை. ஆகவே 2024 கிறிஸ்துமஸ் வந்தபோது இரண்டு வீட்டாருக்கும் ஒரே எண்ணம்: இத்தனை வருஷம் விட்டதையெல்லாம் சேர்த்துக் கொண்டாடிவிட வேண்டும்.

நவம்பர் கடைசியில் ஒரு நோட்டுத் தாளில் நானும் என் வீட்டுக்காரரும் எழுதினோம். கேக் வெட்டு, போட்டோ ஸ்டுடியோ, உறவுக்காரர் நாற்பது பேருக்குச் சாப்பாடு, இரண்டு ஊர்க் கோவில், நான்கு ஜோடி உடுப்பு என்று மொத்தம் 19 வரி வந்தது. பண்டிகை முடிந்தபோது அதில் ஏழுதான் மிஞ்சியிருந்தது. அந்த ஏழும் நன்றாக இருந்தன. உங்கள் வீட்டிலும் நெடுநாள் காத்திருந்து வந்த பிள்ளைக்கு இது முதல் கிறிஸ்துமஸ் என்றால், முதல் வேலையாக இப்படி ஒரு தாள் எழுதுங்கள். எழுதிவிட்டுப் பாதியை அடியுங்கள். பிள்ளைக்கு இது 11 வருஷத்துப் பண்டிகை இல்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் பால், தூக்கம், அம்மா மணம், ஒரு வெளிச்சம். பாக்கி எல்லாம் நமக்காக. நமக்காகச் செய்வதும் தப்பில்லை. ஆனால் எது அவளுக்கு, எது நமக்கு என்று பிரித்துத் தெரிந்துகொண்டால் எதை விடலாம் என்பது தானாகத் தெரியும்.

எங்கள் வீட்டில் அந்தப் பிரிப்பைச் செய்தவர் என் மாமியார். தாளைப் படித்துப் பார்த்துவிட்டு, "இதுல பிள்ளை எப்பத் தூங்கும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

தூக்கத்தை வைத்து நாளைப் போடுங்கள்

ஆறேழு மாதப் பிள்ளை விழித்து இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் களைத்துவிடும். அதற்குமேல் இழுத்தால் அழுகைதான். எங்கள் பக்கத்துக் கோவில்களில் கிறிஸ்துமஸ் ஆராதனை விடியுமுன்னே தொடங்கிவிடும். எங்களுக்குக் காலை 4 மணி. அதற்குமுன் டிசம்பர் முழுக்க கீத பவனி. இரவு ஒரு மணிக்கும் டிரம் அடித்துக்கொண்டு வீட்டு வாசலுக்கு வருவார்கள்.

கீத பவனிக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம். வாலிபர் சங்கத்துப் பையனிடம் என் வீட்டுக்காரர் போய், "எங்க வீட்டுக்கு வந்து பாடுங்க தம்பி, டிரம் மட்டும் தெருமுனையில நிக்கட்டும்" என்று சொன்னார். வந்தார்கள், இரண்டே பாட்டு மெல்லப் பாடினார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்ட பையன் வாசலில் முகமூடியைக் கழற்றித் தன் முகத்தைக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தான். இதைக் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வயதில் பிள்ளைகள் புதுமுகத்துக்கே மிரளும். அசையாத அட்டை முகமும் பஞ்சுத் தாடியும் கிட்டே வந்தால் வீறிட்டு அழும். அப்பா தோளில் இருக்கும்போது தூரத்தில் நின்று கையாட்டினால் போதும்.

விடிகாலை ஆராதனைக்குப் போவதா வேண்டாமா என்று நாங்கள் வெகுநேரம் பேசினோம். போனோம். மூன்று மணிக்கே தூக்கத்தோடு எடுத்து, பருத்திச் சட்டைக்கு மேல் ஒரு கம்பளிச் சட்டை, காதை மூடிய தொப்பி. டிசம்பர் பனியில் தலை நனையக் கூடாது. பக்கவாசலுக்குக் கிட்டே கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். ஆராதனை முடிந்ததும் வாசலில் வேட்டு போடுவார்கள் என்பதால் கடைசிப் பாட்டுக்கு முன்பே பக்கவாசல் வழியாக வெளியே வந்துவிட்டோம். புகை ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம். சின்னக் காதுக்கு இரண்டும் ஆகாது. பிள்ளைக்குச் சளியோ காய்ச்சலோ இருந்தால் வீட்டிலேயே இருந்துவிடுங்கள். ஒருவர் கோவிலுக்குப் போய் வந்தால் குடும்பமே போனதாகத்தான் கணக்கு.

22ஆம் தேதி நடந்தது

டிசம்பர் 22 ஞாயிறு, ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளின் கிறிஸ்துமஸ் விழா. இயேசு பிறந்து, முன்னணை என்னும் மாட்டுத் தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்ட கதையை அதில் நாடகமாக நடிப்பார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்னால் டீச்சர் வீட்டுக்கு வந்து கேட்டார்கள்: "வழக்கமா பொம்மையத்தான் முன்னணையில வைப்போம். இந்தத் தடவை உங்க பாப்பாவை வைக்கலாமா?"

எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த நாடகத்தைத்தான் நான் வருஷாவருஷம் பார்க்காமல் இருந்தேன். பத்து வயதுப் பிள்ளை மரியாளாக வந்து பொம்மையை மடியில் வைக்கும் இடம் வரும்போது, அடுப்பில் எண்ணெய் வைத்துவிட்டு வந்தேன் என்று சொல்லி எழுந்துவிடுவேன். 2019இல் அதுவும் முடியாமல் பாதியில் எழுந்து கோவிலுக்குப் பின்னால் குழாயடியில் போய் நின்றேன். கிறிஸ்துமஸ் என்பதே ஒரு பிள்ளை பிறந்த செய்திதான். பாட்டு, வசனம், வாழ்த்து அட்டை, கேக்கின் மேல் இருக்கும் பொம்மை என எல்லாவற்றிலும் பிள்ளை. காத்திருக்கும் வீட்டுக்கு வருஷத்தில் இதைவிடக் கனமான மாதம் கிடையாது. அனுபவித்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சரி என்று சொன்னேன். சொன்ன கையோடு நான்கு விஷயம் கேட்டுக்கொண்டேன். நீங்களும் இப்படி ஏதாவது நிகழ்ச்சிக்குப் பிள்ளையைக் கொடுத்தால் இவற்றைக் கேளுங்கள். முன்னணையில் வைக்கோலுக்கு மேல் தடித்த போர்வை விரித்திருக்க வேண்டும். வைக்கோல் சுனை மேலே பட்டால் அரிக்கும். பக்கத்தில் எரியும் மெழுகுவர்த்தி கூடாது. மைக் பெட்டி அந்தப் பக்கம் திரும்பியிருக்கக் கூடாது. மேடைக்குப் பக்கவாட்டில், கை எட்டும் தூரத்தில் நான் நிற்பேன். டீச்சர் எல்லாவற்றையும் செய்து கொடுத்தார்கள்.

மேடையில் இருந்தது இரண்டு நிமிஷம். பாப்பா யோசேப்பாக நின்ற பையனின் தலைத்துண்டைப் பிடித்து இழுத்தாள். நான் திரைச்சீலைக்குப் பக்கத்தில் நின்று, 11 வருஷத்தில் முதல் தடவையாக அந்த நாடகத்தைக் கடைசிவரை பார்த்தேன்.

தப்பு அதற்கு அப்புறம் நடந்தது. விழா முடிந்ததும் கோவில் வாசலில் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். "ஏட்டி, பிள்ளைய இங்க தா" என்று ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு. எங்களுக்காக எத்தனையோ உபவாச நாளில் முழங்காலில் நின்ற பெரியம்மாக்கள் அவர்கள். தரமாட்டேன் என்று எப்படிச் சொல்வேன்? பதினைந்து, பதினாறு கை மாறியது. அன்று ராத்திரி பாப்பா மூன்று மணி நேரம் அழுதாள், பாலும் குடிக்கவில்லை. விடிகாலை இரண்டு மணிக்கு என் வீட்டுக்காரர் அந்தத் தாளை எடுத்து ஒவ்வொரு வரியாக அடித்தார். ஸ்டுடியோ போட்டோ போயிற்று. இரண்டாவது ஊர்க் கோவில் போயிற்று. நாற்பது பேர் சாப்பாடு பொங்கலுக்குத் தள்ளிப்போயிற்று.

25ஆம் தேதிக்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். பாப்பாவை என் மாமியார்தான் வைத்திருந்தார். யார் வந்தாலும் அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "வாங்க, பக்கத்துல உக்காந்து பாருங்க. கை கழுவிட்டு வாங்க" என்பார். மருமகள் சொன்னால் வருத்தம் வரும். மாமியார் சொன்னால் வராது. வந்தவர்கள் கிட்ட உட்கார்ந்து கையைப் பிடித்துப் பேசினார்கள், தூக்கவில்லை. கன்னத்தில் முத்தம் வேண்டாம், பாதத்தில் கொடுங்கள் என்று அவரே சொன்னார். சளி, இருமல் இருந்தவர்கள் வாசலோடு ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்கள். ஒரு மனஸ்தாபமும் வரவில்லை. உங்கள் வீட்டில் இப்படிச் சொல்லக்கூடிய பெரியவர் யார் என்று முதலிலேயே பார்த்து வையுங்கள்.

உடுப்பு, நகை, மரம்

கிறிஸ்துமஸ் கவுனை அக்டோபரில் வாங்காதீர்கள். நான் வாங்கினேன், டிசம்பரில் கை நுழையவில்லை. பண்டிகைக்குப் பத்து நாள் முன்னால் ஓர் அளவு பெரியதாக வாங்கி, ஒரு தடவை அலசிக் காயவைத்துப் போடுங்கள். வலைத்துணிக் கவுன் பார்க்க அழகு. உள்ளே பருத்தி உள்சட்டை இல்லாவிட்டால் அக்குள் சிவந்துவிடும். போட்டோவுக்குப் பத்து நிமிஷம் அது, அப்புறம் பழகிய பழைய சட்டை. பால் குடித்துத் தூங்கி எழுந்த அரைமணிக்குள் போட்டோ எடுத்துவிட்டால் பிள்ளை சிரித்த முகமாக இருக்கும்.

எங்கள் பக்கம் பிள்ளைக்குச் செயின், மோதிரம் என்று போடாமல் விடமாட்டார்கள். வாங்கி, போட்டு, போட்டோ எடுத்து, உடனே கழற்றி பீரோவில் வைத்துவிடுங்கள். தூங்கும் பிள்ளை கழுத்தில் செயினோ கயிறோ வேண்டாம்.

மரத்துக்கு நாங்கள் வழக்கம்போல் சவுக்குக் கிளைதான் வைத்தோம். தவழத் தொடங்கும் பிள்ளைக்கு அதில் தொங்கும் எல்லாமே வாய்க்குப் போகும் பண்டம். அதனால் கிளையை மேசைமேல் ஏற்றி, ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டினோம். கண்ணாடி உருண்டைகளுக்குப் பதில் பனையோலை நட்சத்திரம். சீரியல் லைட் வயர் கைக்கு எட்டாத உயரத்தில்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பேட்டரியில் எரியும் சின்ன மெழுகுவர்த்தி, திறந்தால் பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, மின்னும் தாத்தா தொப்பி ஆகியவற்றுக்குள் சட்டைப் பொத்தான் மாதிரி தட்டையான பேட்டரி இருக்கும். அதைப் பிள்ளை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்து புண்ணாகத் தொடங்கிவிடும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அழுகை நிற்கட்டும், காலையில் பார்க்கலாம் என்று இருக்கவும் கூடாது. அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. எங்களுக்கு அன்பளிப்பாக வந்த அப்படிப்பட்ட மூன்று பொருளையும் அன்றே பரண்மேல் போட்டுவிட்டோம். ஸ்குரூ போட்டு மூடிய பேட்டரி அறை உள்ள பொம்மையை மட்டும் கீழே விடுங்கள்.

பலகாரமும் பிள்ளை வாயும்

பண்டிகைப் பலகாரம் எல்லாவற்றையும் நானே சுட வேண்டும் என்று எனக்கு ஆசை. காத்திருந்த வருஷங்களில் அடுப்படிதான் எனக்கு ஒளிவிடம். முந்திரிக்கொத்தும் அதிரசமும் சுட்டுக்கொண்டே இருந்தால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். கைப்பிள்ளையோடு அது நடக்காது. கொதிக்கும் எண்ணெய்ப் பக்கம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பது கூடவே கூடாது. மஸ்கோத் அல்வா முதலூரிலிருந்து வாங்கினோம். இந்தப் பக்கத்தில் வேறு எங்கும் அந்தத் தேங்காய்ப்பால் பக்குவம் வராது. முந்திரிக்கொத்து சொல்லி வைத்துச் செய்ய வைத்தோம். அச்சு முறுக்கு மட்டும் நான் சுட்டேன். அது, பிள்ளை என் அம்மாவிடம் இருந்த ஒரு சாயங்காலம்.

அரைக் கிலோ பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஈரமாவாக இடித்துச் சலிக்க வேண்டும். ஒரு தேங்காயின் கெட்டிப்பால், இரண்டு முட்டை, 150 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் எள். மாவு தோசைமாவைவிடச் சற்றுத் தளர்வாக இருந்தால் சரி. அச்சை எண்ணெயிலேயே நன்றாகக் காயவைத்து, மாவில் முக்கால் உயரம் மட்டும் முக்க வேண்டும். முழுக்க முங்கினால் கழன்று விழாது. முதல் ஐந்தாறு ஒட்டத்தான் செய்யும்.

இதில் எதுவும் பிள்ளைக்கு இல்லை. ஒரு வயதுவரை சர்க்கரை, உப்பு சேர்க்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பெரியவர்கள் ஆசையாகக் கேக்கைப் பிட்டு வாயில் வைக்க வருவார்கள். அதில் முந்திரி இருக்கும், உலர்ந்த திராட்சை இருக்கும், சில வீடுகளில் மதுவில் ஊறிய பழமும் இருக்கும். முழு முந்திரியும் கடலையும் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். தேன் ஒரு துளிகூட நாக்கில் வைக்கக் கூடாது. தேனில் போட்டுலிசம் என்ற நோயைக் கொடுக்கும் கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்கள் வயிறு அதைத் தாங்கும், ஒரு வயது நிறையாத பிள்ளையின் குடல் தாங்காது. "நாங்கெல்லாம் தேன் தொட்டு வச்சுத்தான வளத்தோம்" என்று யாராவது சொன்னால் வாதாட வேண்டாம். டாக்டர் சொன்னார் என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு சொல் பல சண்டையைத் தடுக்கும்.

பாப்பாவின் கிறிஸ்துமஸ் சாப்பாடு, ஏற்கெனவே பழகியிருந்த கேழ்வரகுக் கூழும் மசித்த வாழைப்பழமும். புது உணவு எதையும் பண்டிகை அன்று தொடங்காதீர்கள். ஒத்துக்கொள்ளாமல் போனால் அன்று டாக்டர் கிடைப்பது கஷ்டம். நாங்கள் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும் சாப்பிட்டபோது அவளும் தன் கிண்ணத்தோடு நடுவில் உட்கார்ந்திருந்தாள். எங்களோடு சேர்ந்து அவள் சாப்பிட்ட முதல் பண்டிகைச் சாப்பாடு அது.

சாட்சி சொல்லச் சொன்னால்

பிள்ளை பிறந்த வீட்டாரைக் கோவிலில் சாட்சி சொல்லவும் ஸ்தோத்திரக் காணிக்கை படைக்கவும் கூப்பிடுவார்கள். எங்களையும் ஐயர், அதாவது எங்கள் சபைப் போதகர், கூப்பிட்டார். இதில்தான் நான் மிகவும் யோசித்தேன்.

எங்கள் சபையில் ஓர் அக்கா இருக்கிறார். பாடகர் குழுவில் பாடுகிறவர், எனக்கு மூன்று வருஷம் மூத்தவர், எங்களுக்கு முன்பே கல்யாணம் ஆனவர். இன்னும் காத்திருக்கிறார். ஆஸ்பத்திரி வரிசையில் இரண்டு தடவை ஒருவரையொருவர் பார்த்திருக்கிறோம். பார்த்தும் பார்க்காத மாதிரி கடந்திருக்கிறோம். நான் மேடையேறி, "விசுவாசத்தோடு ஜெபித்தேன், கர்த்தர் தந்தார்" என்று மட்டும் சொன்னால் அந்த அக்காவின் காதில் அது எப்படி விழும்? அவரும் விசுவாசத்தோடுதான் ஜெபிக்கிறார். நான் அந்த பெஞ்சில் உட்கார்ந்து அப்படிப்பட்ட சாட்சிகளை 11 வருஷம் கேட்டவள். ஒவ்வொரு தடவையும், என் ஜெபத்தில்தான் ஏதோ குறை என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்கு வருவேன்.

எனவே எழுதி வைத்துப் படித்தேன். மூன்று நிமிஷத்துக்குள். ஐ.வி.எஃப். சிகிச்சையில் பிறந்த பிள்ளை என்று பெயரிட்டே சொன்னேன். இரண்டு தடவை பலிக்கவில்லை என்றும், நடுவில் ஒன்றை இழந்தோம் என்றும் சொன்னேன். டாக்டருக்கும், ஊசி போட்ட நர்ஸ் அக்காக்களுக்கும், நகை அடகு வைக்கத் தந்த என் மயினிக்கும் (அண்ணிக்கும்) நன்றி சொன்னேன். "இன்னும் காத்திருக்கிறவர்கள் ஜெபத்தில் குறைவு எதுவும் இல்லை. எனக்கு ஏன் கிடைத்தது என்று எனக்குத் தெரியாது. கிடைத்ததற்காக ஸ்தோத்திரம்" என்று முடித்தேன். சிகிச்சையைப் பற்றிச் சொல்ல உங்களுக்கு விருப்பமில்லையென்றால் சொல்ல வேண்டாம், அது உங்கள் வீட்டு விஷயம். ஆனால் மற்றவர் குறைபோலக் கேட்கும் எந்த வாக்கியத்தையும் அடித்துவிடுங்கள். நான் சொல்லி முடித்த வாரத்தில் மூன்று பெண்கள் வீட்டுக்கு வந்து, எந்த ஊரில் பார்த்தீர்கள், எவ்வளவு ஆகும் என்று விசாரித்தார்கள். என் ரிப்போர்ட் ஃபைலை அப்படியே எடுத்துக் காட்டினேன்.

அந்த அக்காவிடம் எப்படி நடந்துகொள்வது என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் சபையிலும் தெருவிலும் கட்டாயம் ஒருவர் இருப்பார். பிள்ளையை அவர் மடியில் திணித்து "உனக்கும் கிடைக்கும்" என்று சொல்லாதீர்கள். என் மடியில் அப்படி வைத்த பிள்ளைகள் எத்தனையோ. பிள்ளையின் கனம் மடியில் ஒரு பக்கம், சுற்றிப் பார்க்கிறவர்களின் கண்கள் ஒரு பக்கம். அவரைக் கூப்பிடாமல் ஒதுக்கவும் வேண்டாம். வருஷாவருஷம் பலகாரம் கொடுப்பீர்களானால் இந்த வருஷமும் அதே மாதிரி கொடுங்கள். பிள்ளை இல்லாமல், நீங்கள் மட்டும் போய். நான் 23ஆம் தேதி சாயங்காலம் போனேன். நாடகத்தன்று அவரைக் காணவில்லையே என்று நான் கேட்கவில்லை. காபி குடித்தோம். புறப்படும்போது அவராகவே, "பாப்பாவை ஒரு நாள் தூக்கிட்டு வா, ஆள் இல்லாத நேரமா" என்றார். ஜனவரியில் தூக்கிக்கொண்டு போனேன்.

போட்டோ ஸ்டேட்டஸ் போடுவதிலும் இதே நினைவு வேண்டும். கிறிஸ்துமஸ் அன்று ஸ்டேட்டஸ் எதையும் திறக்காமல் போனைக் கவிழ்த்து வைத்திருந்தவள் நான். போடாதீர்கள் என்று சொல்லமாட்டேன். இத்தனை வருஷம் ஏங்கியது உலகத்துக்குத் தெரியட்டும். நான் ஒரு படம் போட்டேன், மூவரும் நிற்பது. அதற்குமுன், காத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்த நான்கு பேருக்கு மட்டும் ஸ்டேட்டஸ் தெரியாதபடி மாற்றிவிட்டு, தனித்தனியாகக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினேன். அவர்களுக்கு அனுப்பியதில் பாப்பா படம் இல்லை.

24ஆம் தேதி ராத்திரி

இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சந்தோஷமான அந்த நாளிலேயே அழுகையும் வரும். பிள்ளை கையில் இருக்கும்போதே, இல்லாமல் போனதும் நினைவுக்கு வரும். 24ஆம் தேதி ராத்திரி பாப்பாவைத் தொட்டிலில் போட்டுவிட்டு, நட்சத்திரத்துக்குப் பல்பு மாட்ட ஏணியில் ஏறிய இவரைக் கீழிருந்து பிடித்துக்கொண்டு நின்றேன். வெளிச்சம் வந்ததும் அழுதுவிட்டேன். இறங்கி வந்தவரும் அழுதார். 2019இல் போனதற்கு நான்கு வயது ஆகியிருக்கும். ஓய்வுநாள் பாடசாலையில் முதல் வகுப்பில் இருக்கும்.

அந்த நேரத்தை விரட்டாதீர்கள். அதற்கென்று ஒரு கால்மணி நேரம் ஒதுக்கிவிடுங்கள், கணவனும் மனைவியும் மட்டும். நாங்கள் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வாசல்படியில் உட்கார்ந்திருந்தோம். அது பாதி எரிந்ததும் அணைத்துவிட்டு, மூன்று மணிக்கு எழ வேண்டுமே என்று படுத்துவிட்டோம். மறுநாள் கோவிலில் நான் கலங்காமல் இருந்ததற்கு அந்தக் கால்மணி நேரம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

பொருத்தனை விஷயமும் இங்கேயே. நமக்காக ஆளாளுக்கு ஒன்று நேர்ந்திருப்பார்கள்: என் அத்தை ஓர் அசனம் (ஊர் கூடிச் சாப்பிடும் விருந்து), சித்தி வேளாங்கண்ணிக்கு நடை, மாமா எடைக்கு எடை கருப்பட்டி. எல்லாவற்றையும் முதல் கிறிஸ்துமஸுக்குள் முடிக்க வேண்டியதில்லை. நோட்டில் பெயர் போட்டு எழுதி, பிள்ளைக்கு ஒரு வயது ஆன பிறகு ஒவ்வொன்றாக என்று நேர்ந்தவர்களிடமே சொல்லிவிட்டோம். கருப்பட்டி மட்டும் அந்த டிசம்பரிலேயே. உடன்குடிக் கருப்பட்டி ஏழரைக் கிலோ, பாப்பாவைத் தராசில் வைத்து நிறுத்தோம். விடுதிப் பிள்ளைகளுக்குப் போயிற்று.

கொட்டானும் சட்டையும்

என் அம்மா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பலகாரத்தை ஓலைக் கொட்டானில் போட்டு, தலைக்கு ஒன்று என்று அனுப்புவார். 11 வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்தது இரண்டு கொட்டான். 2024இல் மூன்று வந்தது. மூன்றாவது உள்ளங்கையளவு. திறந்து பார்த்தேன், காலியாக இருந்தது. "அவ தின்னமாட்டா, அதான்" என்றார் அம்மா. இன்றைக்கு அது பாப்பாவின் கிலுக்கு வைக்கும் பெட்டி.

வேதத்தில் அன்னாள், கேட்டு வாங்கிய பிள்ளை சாமுவேலுக்கு வருஷாவருஷம் ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அதைப் பார்த்துத்தான் நானும் தொடங்கினேன். தையல் தெரியாதவர்களும் தைக்கலாம். பல தடவை துவைத்து மெத்தென்றான பருத்திச் சேலை போதும். நான் எடுத்தது, வெள்ளத்தன்று உடுத்தியிருந்த சேலை. பிள்ளையின் பழைய சட்டை ஒன்றை விரித்து, சுற்றிலும் இரண்டு விரற்கடை விட்டு முன்னும் பின்னும் வெட்டுங்கள். தோளிலும் பக்கத்திலும் தைத்தால் முடிந்தது. பொத்தான் வேண்டாம், பின்னால் நாடா வைத்து முடிந்துகொள்ளலாம். உள்பக்க விளிம்பில் சிவப்பு நூலால் வருஷத்தை மட்டும் போட்டேன்: 2024. ஆராதனைக்குக் கவுனுக்கு அடியில் அதைத்தான் உள்சட்டையாகப் போட்டிருந்தாள்.

துவைத்து, வேப்பிலை போட்டு, பீரோவில் வைத்திருக்கிறேன். இந்த வருஷத்துச் சட்டைக்கு அதே சேலையில் துணி எடுத்தாயிற்று. போன வாரம் அளவெடுத்தபோது நீளத்தில் நான்கு விரற்கடை கூடியிருந்தது. அசையாமல் நிற்கமாட்டேன் என்கிறாள். தூங்கும்போதுதான் அளக்க வேண்டியிருக்கிறது.